பகல் ஆட்டம்

“கஜ்ஜாயம் சுடலையா? திம்மராயனுக்கு அதுன்னா உசிராச்சே.”

தளியிலிருந்து பெங்களூர் பஸ் கிளம்பும் நேரத்தில்தான் கோவிந்தப்பன் கேட்டார். அவர் மனைவி சென்னம்மாள் மடியிலிருந்த துணிப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பையில் அதிரசம் மாதிரியான அந்தப் பலகாரம் இல்லை; அவலும் வாழைப்பழமும்தான் இருந்தன.

“முடியலீங்க. எண்ணெய்ச் சட்டி முன்னால யாரு குந்தறது?”

“அதுக்காக, நாடகத்துல ராஜா வேஷம் கட்டற மகனைப் பாக்க அவலையா எடுத்துக்கினு போவாங்க?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில மாதங்களாகவே இப்படித்தான். பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. மகனைப் பார்க்காத ஏக்கம் என்று நினைத்துத்தான் கோவிந்தப்பன் இந்தப் பயணத்துக்கே ஏற்பாடு செய்திருந்தார்.

சனிக்கிழமை பெங்களூரில் அவர் தம்பி கங்கப்பன் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் பகல் ஆட்டத்துக்கு மூவருமாகப் போனார்கள்.

“அண்ணி, இங்க நாற்காலி போட்டிருப்பாங்க. தெருக்கூத்து நெனப்புல தரையில குந்திடாதீங்க” என்றான் கங்கப்பன்.

“உங்கண்ணனைப் பாத்துக்க. அவருதான் நாற்காலியிலயும் காலை மடக்கிக் குந்துவாரு.”

வெகுநாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த கேலி. கோவிந்தப்பனின் முகம் தெளிந்தது. அவளை உட்கார வைத்துவிட்டு, சோடா வாங்கும் சாக்கில் தம்பியை வெளியே அழைத்துப்போனார்.

“பையன் ஒத்துக்கிட்டானா?”

“ஒத்துக்கிட்டான். வெங்கடப்பன்னு பேரு. நம்ம புள்ள செத்த பின்னால ராஜா வேஷம் அவனுக்குத்தான். முகம் பூரா அரிதாரம், ஒட்டு மீசை, கிரீடம். அண்ணிக்கு அடையாளம் தெரியாது.”

“குரலு?”

“ஆர்மோனியமும் மிருதங்கமும் போடற சத்தத்துல குரலு எங்க தெரியப்போவுது? ஆனா, எத்தினி நாளைக்குண்ணா இப்படி?”

“முடியற மட்டும். ஏற்கெனவே ரெண்டு புள்ளைங்களைப் பறிகொடுத்தவ. இதுவும் தெரிஞ்சா அவளும் மிஞ்ச மாட்டா.”

நாடகக் கம்பெனி தும்கூரில் முகாம் போட்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டான் திம்மராயன். மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், மகனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தவர் கோவிந்தப்பன். கிணற்றடியில் தலைமுழுகிய பிறகுதான் வாசல்படி மிதித்தார். மாற்று வேட்டி கொண்டுவந்து கொடுத்த சென்னம்மாள் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடித்து, திரை ஏறியது. ராஜா பாடிக்கொண்டே வந்தான்.

“பாத்தீங்களா அண்ணி?” என்று கிசுகிசுத்தான் கங்கப்பன்.

“பாத்தேன்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். மகனைக் கண்ட சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டார் கோவிந்தப்பன்.

ஆட்டம் முடிந்ததும், “கிட்டப் போய் ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்” என்று எழுந்தாள்.

“உள்ள விடமாட்டாங்க, சென்னம்மா. சொன்னாக் கேளு.”

அவள் கேட்கவில்லை.

திரைக்குப் பின்னால் வெங்கடப்பன் இன்னும் வேஷம் கலைக்காமல் நின்றிருந்தான். சொல்லி வைத்தபடி, வாய் திறக்காமல் அவள் காலில் விழுந்தான். அவனைத் தூக்கி நிறுத்தி, சரிந்திருந்த கிரீடத்தை நேராக்கி, வாழைப்பழத்தைக் கையில் வைத்தாள்.

“நல்லாப் பாடுனப்பா. உடம்புக்கு ஒண்ணுன்னா உடனே ஊருக்குச் சொல்லி அனுப்பு. பெத்தவ ஓடியாந்து பாத்துக்குவா.”

ராஜாவின் கன்னத்து அரிதாரம் கரைந்து ஒழுகியது.

திரும்பும் பஸ்ஸில் கோவிந்தப்பனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

“தீபாவளிக்கு அவனுக்கு லீவு கெடைக்காது. நீ கஜ்ஜாயம் சுட்டு வை. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்.”

சென்னம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாவு வூட்ல வருஷம் திரும்பற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுங்க.”