சிங்கம் சிக்காத சவாரி

இன்றைய சவாரி நல்லபடியாக முடிந்தால்தான் ரிசிமாட்டிக்குக் கல்யாணம். திறந்த ஜீப்பின் முன்மூக்கில், கதவும் கண்ணாடியும் இல்லாத ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குக் காட்ட ஆப்பிரிக்கக் காட்டில் வேர்க்க விறுவிறுக்கச் சிங்கத்தின் தடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிங்கம் எந்தப் பக்கம்டா?" என்றான் ஓட்டுநர் ஹசானி.

"இடது பக்கம்ணே."

இடது பக்கம் வரிக்குதிரைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன.

"மறுபடியும் வரிக்குதிரையா! விருந்தாளிங்க முணுமுணுக்கறாங்க. மேனேஜர் நம்ம தோலை உரிச்சிடுவார். கண்ணு தெரியலையா, இல்லே கட்டிக்கப்போற த்சகானி நினைப்பா?"

ரிசிமாட்டி மறுபடியும் இடது பக்கமே கையைக் காட்டினான். கடைசிவரை சிங்கத்தின் வால்கூடத் தென்படவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் வெள்ளைக்கார விருந்தாளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்கள்.

ஹசானி ரிசிமாட்டியின் சட்டையைப் பிடித்தான். "வலது பக்கம் புதுத் தடம் கிடந்ததை நானே பார்த்தேன். எதுக்குடா மறைச்சே?"

"மெதுவாண்ணே! பின்சீட்டுலேர்ந்து இறங்குதே தலைத்துணி கட்டின அம்மா, அது த்சகானியோட அத்தை. வேலைக்காரங்க சொந்தம்னு இலவசமா வந்திருக்கு. சிங்கத்துக்கு முன்னாடி உட்கார்ற வேலைன்னா பொண்ணு தரமாட்டாங்களாம். சிங்கம் கிட்டவே வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அதற்குள் அத்தை வந்துவிட்டாள்.

"ஆபத்தில்லாத வேலைதான் தம்பி. ஆனா, காலையிலேர்ந்து ஒரு சிங்கத்தைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியலையே! உன்னை எத்தனை நாளைக்கு வேலையில வச்சிருப்பாங்க? பொண்ணு தர்றதை யோசிக்கணும்."

ரிசிமாட்டி ஒரே தாவலில் முன் இருக்கையில் ஏறினான்.

"ஏறுங்க அத்தை! அண்ணே, வண்டியை எடு, வலது பக்கம்!"