சுவரெல்லாம் படம்

"மணல் மூட்டையை அடுக்கி நாங்களே கட்டின வீடுக்கா. ஒரு செங்கல்கூட வாங்கலை!"

கொழுந்தன் மனைவி சொல்லச் சொல்ல, வாடகை வீட்டில் காலம் தள்ளும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"படத்தையெல்லாம் ஏன் கன்னாபின்னான்னு மேலயும் கீழயுமா மாட்டியிருக்கே?"

"அப்படி அமைஞ்சுபோச்சுக்கா. இருங்க, டீ போட்டுட்டு வரேன்."

அவள் தலை மறைந்ததும், அதற்கென்றே கொண்டுவந்த கோணி ஊசியைப் பூச்சில்லாத சுவரில் ஓங்கிக் குத்தினாள் மூத்தவள். பொலபொலவென்று மணல் கொட்டும் என்று பார்த்தால், இடித்து இறுக்கிய சுவர் கல்லாக நின்றது. பாதி இறங்கிய ஊசியைப் பிடுங்கவும் முடியவில்லை.

டீயோடு வந்தவள் ஊசியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுலயும் ஒரு படம் மாட்டிடலாம்க்கா. மேல இருக்கறது சித்தி குத்தினது, கீழ இருக்கற ரெண்டும் நாத்தனார் குத்தினது. இந்த வீட்டுக்கு நான் ஒரு ஆணிகூட வாங்கலை!"