பூட்டிய மாடி

"நம்ம நாட்டுல வீடு கிடைக்காம ஜனங்க அல்லாடுறாங்களே, இதுக்குக் காரணம் யாரு?"

டி.வி.க்காரர்கள் பள்ளிக்கூட ஹாலில் மேடை போட்டு ஒரு மணி நேரமாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டிதான் காரணம் என்றார் பேராசிரியர். அனுமதி தராமல் அரசாங்கம் இழுத்தடிப்பதுதான் காரணம் என்றார் கட்டட முதலாளி. வெளியிலிருந்து வந்து குவிகிறவர்கள்தான் காரணம் என்று மேஜையைத் தட்டினார் கட்சிக்காரர். மூன்று பேரும் சொந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள்.

கடைசி வரிசையில் இருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இடித்துக் கட்டப்போகிறோம் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து புருஷன், மகளோடு நாத்தனார் வீட்டு ஹாலில்தான் படுக்கை. நாத்தனார் இப்போதெல்லாம் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

மைக் அவள் கைக்கு வந்தது.

"காரணத்தை ஏன் சார் எங்கெங்கேயோ தேடறீங்க? இதோ, உங்க மேடைக்கு லைட் போட வந்திருக்காரே, பல்புக்கடைக்காரர், அவரைக் கேளுங்க!"

ஸ்விட்ச் போர்டு அருகே ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இவர் கடைக்கு மேல மாடி வீடு. ஒரு வருஷமா படிக்கட்டு கேட்டுல பூட்டு தொங்குது. மூணு தடவை வாடகைக்குக் கேட்டுப் போனேன். ரிப்பேர் வேலை இருக்குன்னார். அப்புறம் சொந்தக்காரங்க வராங்கன்னார். மூணாவது தடவை வாயே திறக்கலை. ஊருக்கெல்லாம் பல்பு விக்கிறார், அவர் மாடியில ஒரு பல்பு எரிஞ்சு யாராவது பார்த்திருக்கீங்களா?"

ஹாலே சிரித்தது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கோடு அவரிடம் ஓடினார். "சொல்லுங்க சார், ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?"

பல்புக்கடைக்காரர் கேமராவைப் பார்த்தார். "என் வீடு. என் இஷ்டம்."

அவ்வளவுதான்.

"வாடகை ஏறட்டும்னு காத்திருக்கான்யா!"

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாம தெருவுல நிக்கிறோம்!"

பேராசிரியர் தலையாட்டியபடி எதையோ குறித்துக்கொண்டார். பல்புக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலச் செய்தியில் அவர் மாடி வீடு வந்தது. சாத்திய ஜன்னல்கள், பூட்டு, கீழே கடையின் பெயர்ப்பலகை, தெரு முனை, எல்லாம் பளிச்சென்று.

"சரியான கேள்வி கேட்டே, போ!" என்றாள் நாத்தனார். பல மாதம் கழித்து அவளாக வந்து பேசிய முதல் பேச்சு.

மறுநாள் மத்தியானம் பல்புக்கடைக்காரர் பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னும் வீடு வேணுமாம்மா?"

அவளுக்கு நம்ப முடியவில்லை. "வேணும்."

சாவியை நீட்டினார். "எப்ப வேணா வந்துக்கலாம்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. தூங்காத கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"பார்த்தீங்களா? நாலு பேர் முன்னாடி மானம் போனாத்தான் இவங்களுக்கெல்லாம் புத்தி வருது," என்று புருஷனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் மூன்று பேருமாகப் போனார்கள். பல்புக்கடைக்காரரே சாவியை வாங்கிக் கேட்டைத் திறந்து மேலே கூட்டிப்போனார்.

ஒரு வருஷத் தூசியைக் கழுவித் தள்ளவேண்டியிருக்கும் என்று துடைப்பத்தோடு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தரை சுத்தமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகத் தடித்த காகிதம் ஒட்டியிருந்தது. கொடியில் சின்னதாக இரண்டு சட்டைகள், இன்னும் ஈரம் காயாமல். அடுப்பின் மேல் பால் பாத்திரம். யாரோ அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அம்மா, இங்க ஒரு பாப்பா படம் வரைஞ்சிருக்கு!" சுவரோரம் உட்கார்ந்து மகள் கூவினாள்.

அவள் பல்புக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இங்க யார் அண்ணா இருந்தாங்க?"

அவர் கொடியிலிருந்த சட்டைகளை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "ஒரு பொண்ணு. ரெண்டு குழந்தைங்க. எங்களுக்கு உறவெல்லாம் இல்லம்மா. போன வருஷம் ஒடிஞ்ச கையோட கடையில வந்து நின்னுச்சு. என் சம்சாரம் மேல கூட்டிட்டு வந்துட்டா. கடைக்குப் பின்னாடி எங்க வீட்டுச் சமையலறையில ஒரு படி இருக்கு, அது வழியாத்தான் ஏறி இறங்குவாங்க."

"புருஷனா?"

"ம்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டான் அவள் புருஷன்.

"அவனே போலீஸ்தான் தம்பி. ரெண்டு தடவை இந்தத் தெருவுக்கே வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கான். பூட்டைப் பார்த்துட்டுத்தான் திரும்பிப் போனான்."

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா..."

"சொல்லணும்னுதான் இருந்துச்சு. ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு எனக்கெப்படிம்மா தெரியும்?"

அவர் அடுப்பின் மேலிருந்த பால் பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

"நியூஸ்ல வீட்டைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு நடுங்கிப்போச்சு. ஏன் பூட்டியே வெச்சிருக்காங்கன்னு இனி புருஷனுக்குச் சந்தேகம் வந்துடும்னு ஒரே அழுகை. நாங்க எவ்வளவோ சொன்னோம், கேக்கலை. காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுச்சு."

"எங்க... எங்க போயிருக்காங்க?"

"தெரியலைம்மா," என்றார் பல்புக்கடைக்காரர். "உங்களை மாதிரிதான். குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு, வீடு தேடிப் போயிருக்கு."