பயப்பட ஒன்றுமில்லை

"முழுசாப் படிச்சிட்டேன் சார். புள்ளைங்க பயப்படுற மாதிரி அதுல ஒண்ணுமில்ல" என்றான் கன்னியப்பன். ஆறாம் வகுப்பு பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அரியாங்குப்பத்தில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் அரிகிருஷ்ணனின் மேசைமேல் தலையணை மாதிரி ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையில் ஒரு கோட்டை, அதற்கு மேலே முகமில்லாத ஒரு கறுப்பு உருவம். பிள்ளைகள் எடுத்துப் படிக்கட்டும் என்று கார்குழலி டீச்சர் வகுப்பு அலமாரியில் வாங்கி வைத்த மாயக்கதை அது.

அதைப் படித்த நாளிலிருந்து தன் மகன் படுக்கும்போது விளக்கை அணைக்க விடுவதில்லை என்று நிர்மலாதேவி புகார் கொடுத்திருந்தாள். இந்த வயசுக்கு இதெல்லாம் ஆகாது, அலமாரியை விட்டு எடுங்கள் என்பது அவள் கட்சி.

"பெத்தவங்க வேற யாராச்சும் படிச்சிப் பாத்தீங்களா?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, டீச்சர்தான் கன்னியப்பனைக் கைகாட்டினார். "செந்தமிழ்ச்செல்வியோட அப்பா படிச்சிருக்காரு சார். செல்விதான் சொன்னா."

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு நைட் வாட்ச்மேன் அவன். கூட்டத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவனிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. எழுந்து நின்றவனுக்குப் பேச்சு தானாக வந்தது.

"ஒரு பொண்ணு சார். அதோட தம்பிய கோட்டையில புடிச்சி வச்சிருக்காங்க. இது ஓடம் ஏறித் தேடிப் போவுது. வழியில பேசுற ஆடு ஒண்ணு சேந்துக்குது, அது பண்ற கூத்து இருக்கே, செம சிரிப்பு. கடைசில தம்பிய இட்டாந்துடுது. படிச்சா தைரியந்தான் சார் வரும். விடுங்க, படிக்கட்டும்."

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். டீச்சரின் முகம் தெளிந்தது.

நிர்மலாதேவி எழுந்து வந்து புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கத்தை விரித்து அவனிடம் நீட்டினாள். "அண்ணே, இந்தப் பக்கத்த மட்டும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க. அப்புறம் நீங்க சொல்றத நான் ஒத்துக்குறேன்."

கன்னியப்பன் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "கண்ணாடி எடுத்தாரலங்க" என்றான்.

அவன் கண்ணாடி போடுகிறவனே இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்று, தவளக்குப்பம் பக்கத்து வயல்களில் வாத்து மேய்க்கப் போனவன். கையெழுத்துகூட மகள் பழக்கிக் கொடுத்ததுதான். சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்புமுன் அவன் சாப்பிடுகிற நேரத்தில், செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்துக் காட்டினாள். சில நாள் நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டுவாள்; அவசரக்காரி என்று நினைத்துக்கொள்வான்.

"பரவால்லண்ணே, குடுங்க" என்று நிர்மலாதேவியே வாங்கிப் படித்தாள். கோட்டை வாசலில் ஒருவன் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். தீப்பந்தம் அணைகிறது. முகமில்லாதது பின்னாலிருந்து வந்து அவன் முகத்தை உரித்து எடுத்துத் தனக்கு ஒட்டிக்கொள்கிறது. அவன் கத்தப் பார்க்கிறான். கத்துவதற்கு வாய் இல்லை.

"முழுசாப் படிச்சேன்னு சொன்னாரே" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

கன்னியப்பனுக்குக் காது மடல் சுட்டது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் சொன்ன பொய், அவனை நம்பிக் கைகாட்டிய டீச்சரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. அவர் அவனைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"புக்க பீரோவுல வச்சிப் பூட்டிடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

வெளியே குழாயடியில் காத்துக்கொண்டிருந்த செல்வி ஓடிவந்தாள். அவன் நிற்காமல் நடந்தான். வாசல் தாண்டி, பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"அந்தக் காவக்காரன் கதைய நீ எனக்குப் படிக்கவேயில்ல. அத்தன பேருக்கு முன்னால திருதிருன்னு முழிச்சிட்டு வரேன். மானம் போச்சு."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த எடத்தையா படிச்சாங்க?"

"ஏன், உனக்குப் படிக்கப் பயமா இருந்துச்சா?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா புடிச்சிருந்துச்சு. திருப்பித் திருப்பிப் படிச்சேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் படிக்கல?"

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

"எனக்குப் பயம் வந்தா பக்கத்துல அம்மா படுத்திருக்கும்ப்பா. நீ அங்க தனியாத்தானே ஒக்காந்திருக்க."