திரைக்குப் பின்னால் ஜான்சன்

மயிலாப்பூர்ச் சந்தில் காலை வெயில் பாதிச் சுவர்வரை இறங்கி நிற்கிறது. பள்ளி வேன் ஓட்டும் ஜான்சன் தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறான். பள்ளி ஊழியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஆண்டுதோறும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் போலீஸ்காரர், இந்தமுறை ஜான்சனைப் பற்றிக் கேட்க எதிர்வீட்டு அப்துல் கய்யூமின் வாசலில் நிற்கிறார். விசாரணை எப்போதும் ஜூனில் வரும். அந்த மாதம் முழுக்க ஜான்சன் தெருவுக்கே நல்லவன். இந்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நேற்றுத்தான் பைக் நிறுத்தும் தகராறில் கய்யூமை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். இப்போது அவன் வேலை கய்யூமின் நாக்கில் இருக்கிறது. “இன்னா பாய், ஆளு எப்படி?” என்கிறார் போலீஸ்காரர். கய்யூம் டீயை ஊதுகிறார். “வாயி ஜாஸ்தி சார். பைக்கை என் வாசல்லயே போடுவான்.” ஜான்சனின் விரல்கள் திரையைக் கசக்குகின்றன. “பசங்ககிட்ட?” கய்யூம் கிளாஸைப் படியில் வைக்கிறார். “எம் பொண்ணு ஜோயா அவன் வேன்லதான் போறா. அதுக்காக நீங்க வராம இருந்துடாதீங்க. அடுத்த வருசமும் வந்து கேளுங்க.” ஜான்சனுக்குக் கோபம் வரப் பார்க்கிறது, வரவில்லை. அவன் மகள் எஸ்தர் வேறொரு பள்ளியின் வேனில் போகிறாள். அதை ஓட்டுபவன் எப்படிப்பட்டவன் என்று அவன் இதுவரை யாரையும் கேட்டதில்லை.