ஐந்து ஒட்டுகள் போட்ட பேனர்

ஊர்க் கால்பந்து அணியின் கோச்சை மாற்றப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், ரசிகர் மன்றத்தின் பேனர் கஜபதியின் தையல் கடைக்கு வந்துவிடும். பத்தடி நீளச் சிவப்புத் துணி. அதில் அணியின் பெயர் அப்படியே இருக்கும்; கீழே கோச்சின் பெயர்தான் மாறும். போனவர் பெயரின் மேல், வருகிறவர் பெயர் எழுதிய ஒட்டுத்துணியை வைத்துக் கஜபதி தைத்துவிடுவார். ஒன்பது வருடத்தில் ஐந்து ஒட்டு. கேலரியில் தூக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் தொப்பை மாதிரி தொங்கும். அணி இந்த வருடமும் பட்டியலில் கடைசி.

“இந்த வாட்டி யாராம்?” என்று ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்.

பேனரைக் கொண்டுவந்த எபினேசர் பெஞ்சில் உட்கார்ந்தான். “ரெபெல்லோவையே திருப்பி கூட்டினு வர்றாங்களாம்ணா. கிரவுண்டு பாத்துக்கிறவரு சொன்னாரு.”

“மொதமொதல்ல இருந்தாரே, அவரா?”

“அவரேதான். நாமதான வெளிய போன்னு கத்தி அனுப்சோம். உனக்குத் தொண்டையே கட்டிக்கிச்சே.”

கஜபதி ஊசியை வைத்துவிட்டு பிளேடை எடுத்தார். ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்தார். ஐந்தாவதும் கழன்றபோது, ரெபெல்லோவின் பெயர் வெயிலே படாமல், நேற்று எழுதியதுபோலப் பளிச்சென்று இருந்தது.

“இனிமேனாச்சும் ஜெயிப்பமாண்ணா?”

கஜபதி, பிரித்த ஐந்து பெயர்களையும் நூல் பிசிறு நீக்கி, இஸ்திரி போட்டு, வரிசை மாறாமல் டிராயரில் அடுக்கி வைத்தார்.