நாலு நிமிஷப் பாடு

இதை எனக்கு முதலில் சொன்னது பசியாவரம் ஜெரோம். போன தவக்காலத்தில், திருப்பாலைவனம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். நடந்தபோது அவனும் அங்கே இருந்தானாம்.

கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்கும் மீனவர் அட்டை வேண்டும் என்று மனு. அதிகாரிகள் முன்னால் வீடியோ காட்ட நாலே நிமிஷம் கிடைத்திருந்தது. ஏரியில் வலை போட ஆளுக்கொரு முறை என்று பாடு பிரிப்பது போல, பேசுகிற நாலு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று ஊர்த்தலைவர் மாணிக்கம் பிரித்து வைத்தார்.

வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலை பெனிட்டாவுக்கு. ஒவ்வொரு துண்டும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் எக்ஸெல்லில் போட்டு, செகண்டுக்கு இருபத்தஞ்சு படம், அதாவது ஃபிரேம், என்று நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாணிக்கம் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"சூசையம்மாளுக்கு ஒண்ணரை நிமிஷமா? இன்னா பெனிட்டா, உன் சித்தின்னா தனிப் பாடா?"

"சித்தி திக்கித் திக்கிப் பேசும் மாமா. அதான் நேரம் புடிக்குது."

"திக்குறதை வெட்டு. அடங்கிடும்."

"வெட்டிப் பாத்தேன். வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு."

"நாலு நிமிஷம் ஆனா டப்புனு நிறுத்திடுவாங்க. அட்டை வேணும்னு கேக்குறதே கடைசிலதான். அது போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"போகாது மாமா. மொத்தம் சரியா நாலு நிமிஷம். ஒரு ஃபிரேம் கூடல."

"அப்போ யாரு நேரத்தைத் தின்னே?"

'யேசப்பா, இப்ப நான் இன்னா சொல்றது' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே பெனிட்டா லேப்டாப்பை மூடப் போனாள். அவர் கை வைத்துத் தடுத்தார்.

பேசிய மற்ற மூன்று பெண்களும் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மாணிக்கம் உரக்கப் படித்தார். "ராஜம்மா, அம்பது செகண்டு. பாத்தியா ராஜம்மா! உன் பத்து செகண்டை அமுக்கிட்டா!"

ராஜம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அமுக்கலண்ணே. நான்தான் குடுத்தேன். சூசை பாவம், பேசி முடிக்கட்டும்னு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு பெனிட்டாகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"சரி, நீ பத்து. மீதி இருபது?"

அவரே அடுத்த வரிகளைப் படித்தார். "பிரின்சி, நாப்பத்தெட்டு. அனிதா, அம்பத்திரண்டு…"

குரல் இறங்கிவிட்டது.

ராஜம்மா திரும்பிப் பார்த்தாள். பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவிங்களா, நீங்களுமா குடுத்தீங்க?" என்றாள் ராஜம்மா.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாராவது திக்கிப் பேசினால், அவர்கள் வார்த்தையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.